நாள் ஊசி

பெண் பார்க்க வருகிறவர்கள் முன்பெல்லாம் படிப்பைக் கேட்டார்கள், நிறத்தைக் கேட்டார்கள், பெண்ணுக்கு என்ன செய்வீர்கள் என்று சுற்றி வளைத்துக் கேட்டார்கள். நாள் ஊசி வந்த பிறகு முதல் கேள்வி மாறிப்போயிற்று.

"பொண்ணுக்குக் கூடப்பொறந்த தங்கச்சி உண்டுங்களா?"

இல்லை என்றால் தரகர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு அடுத்த வீடு பார்க்கக் கிளம்பிவிடுவார். ஒற்றைப் பெண்ணை வைத்திருந்தவர்கள் கல்யாண வீடுகளில் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். இரண்டும் பெண்ணாகப் போய்விட்டதே என்று ஒரு காலத்தில் ஊரே பரிதாபப்பட்ட சரசாள் முன்வரிசைக்கு வந்தாள்.

சரசாளின் மூத்த மகள் பிரபா, நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணைக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஒன்பது வருஷத்தில் ஐந்து முறை ஆஸ்பத்திரியில் கரு வைத்துப் பார்த்தார்கள். மூன்று ஒட்டவே இல்லை. ஒட்டிய இரண்டும் நாலாம் மாதம், ஐந்தாம் மாதம் என்று கழன்று போயின. ஐந்தாவதும் போன பிறகுதான் பிரபாவின் மாமியார் நாச்சம்மாள் தாம்பூலத் தட்டோடு சரசாள் வீட்டுக்கு வந்து, தன் சின்ன மகன் பூபதிக்குச் சின்னவள் லீலாவைக் கேட்டாள். அண்ணன் தம்பிக்கு அக்கா தங்கையைக் கட்டுவது அந்தப் பக்கத்தில் புதிதல்ல. ஆனால் எதற்காகக் கேட்கிறார்கள் என்று கேட்கிறவர்களுக்கும் தெரியும், கொடுக்கிறவர்களுக்கும் தெரியும்.

லீலாவுக்கும் தெரியும். ஒரு மழலையர் பள்ளியில் டீச்சராக இருந்தாள். ஐந்து முறையும் அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததை அவள் பக்கத்தில் இருந்து பார்த்தவள். தன் ரத்தத்தில் கொஞ்சம் போனால் அக்கா இந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள் என்றால், அதில் என்ன தப்பு என்றுதான் நினைத்தாள். போதாததற்குப் பூபதியையும் பிடித்திருந்தது.

கல்யாணத்துக்கு மறுவாரமே அவளை டாக்டர் மிருணாளினியிடம் கூட்டிப்போனார்கள். டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினாள்.

"கர்ப்பமான பொம்பளை ரத்தத்துல ஒரு சத்து ஊறும்மா. அதுதான் கருவை ஒட்ட வைக்குது. அப்புறம் கர்ப்பப்பையைப் பாத்து 'பொறு, இன்னும் நாள் இருக்கு'ன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருக்குது. உங்க அக்காவுக்கு அது ஊறவே மாட்டேங்குது. மருந்துக் கம்பெனி செஞ்சதை அவங்க உடம்பு ஏத்துக்கலை. கூடப் பொறந்தவ கர்ப்பமா இருக்கும்போது, அவ ரத்தத்துல இருந்து பிரிச்சு எடுத்தா ஏத்துக்கும்."

"எடுத்தா எனக்குக் குறையாதுங்களா?"

"குறையும். ஆரம்பத்துல ஒட்ட வைக்கறதுக்குத் துளி போதும், அது உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. பின்னால அவங்களுக்கு முன்கூட்டி வலி வந்துச்சுன்னா நிறைய எடுக்கணும். அப்ப நீங்க எட்டாம் மாசத்துல நுழைஞ்சிருக்கணும். நீங்க கொஞ்சம் முன்னாடி பெத்துக்குவீங்க. எட்டு மாசக் குழந்தையை நாங்க காப்பாத்திருவோம்."

"அப்படின்னா என்ற நாளு அக்காவுக்குப் போகுதுங்க."

"ஊர்ல அப்படித்தான் சொல்றாங்க," என்று சிரித்தாள் டாக்டர். "நாள் ஊசின்னு பேரே வச்சுட்டாங்களே."

வைகாசியில் கல்யாணம். ஆடி பிறந்ததும் சரசாள் சீர்த்தட்டோடு வந்து லீலாவை அழைத்துப்போனாள். ஆடியில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்திருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும். சித்திரைப் பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது. நாச்சம்மாள் வீட்டில் இது பேச்சுக்குச் சொல்கிற விஷயம் இல்லை. மருமகளுக்கு ஒரு குழந்தை பிறக்கும்வரை ஒவ்வொரு ஆடிக்கும் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த ஒரு மாதம் மாப்பிள்ளை அந்த வாசலை மிதிக்கக் கூடாது.

பூபதி மிதித்தான். ஸ்கூட்டரில் முட்டை அட்டையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பான்.

"கீறல் விழுந்த முட்டை நிறையச் சேந்துபோச்சுங்க அத்தை. வீணாப் போகுதேன்னு கொண்டாந்தேன்."

வாரத்துக்கு மூன்று தடவை வீணாய்ப் போயிற்று. சரசாளும் வாங்கி வைத்துக்கொண்டு, மாப்பிள்ளைக்கு மோர் கொடுத்து வாசலோடு அனுப்பிக்கொண்டிருந்தாள். அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்ற அவள் போயிருந்த ஒரு மத்தியானம் பூபதி வாசலோடு திரும்பவில்லை.

ஆவணியில் லீலாவுக்கு நாள் தள்ளியது. முதலில் அக்காவிடம்தான் சொன்னாள். கோழித் தீவன மூட்டைகள் அடுக்கிய அறையில், கதவைச் சாத்திக்கொண்டு.

"ஆடியிலதாங்க்கா."

பிரபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அடிப்பாவி! முட்டை வியாபாரம் நல்லாத்தான் நடந்திருக்குது."

"சிரிக்காதக்கா. அத்தைக்குத் தெரிஞ்சா என்ன ஆவறது? அம்மாளைக் கூப்பிட்டு நிக்க வச்சுக் கேப்பாங்க. பொண்ணைப் பொத்தி வைக்கத் தெரியலையான்னு."

பிரபா அவளுடைய தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். யோசித்துத்தான் சொன்னாள். "ஆனியிலேயே தரிச்சுதுன்னு சொல்லிப்போடு. ஒரு மாசம் கூட்டிச் சொல்லு. பங்குனின்னு கணக்கு வரும். பங்குனிக் கடைசியில ஆபரேசன் பண்ணி எடுத்துக்கலாம், சித்திரையும் தொடாது, ஆடியும் தெரியாது. டாக்டர்கிட்டயும் அதையே சொல்லு. அத்தை கூடவே உக்காந்திருப்பாங்க, ஆளுக்கொரு பேச்சுப் பேசினா மாட்டிக்குவோம்."

"டாக்டர் கண்டுபிடிச்சுட்டா?"

"குழந்தை சின்னதா இருக்குதும்பாங்க. இருக்கட்டுமே."

அன்று அக்காவைப் போல ஒருத்தி யாருக்கும் வாய்க்கமாட்டாள் என்று லீலா நினைத்துக்கொண்டாள். அந்தப் பொய் அக்கா அவளுக்குப் போர்த்திய போர்வை. அது எதற்குப் பயன்படும் என்று அப்போது இருவருக்குமே தெரிந்திருக்காது. பிரபாவுக்குமே தெரிந்திருக்காது என்றுதான் லீலா இன்றுவரை நம்புகிறாள். அதையும் நம்பாவிட்டால் பிறகு அக்கா என்று சொல்வதற்கு ஆளே இல்லை.

ஆவணிக் கடைசியில் லீலாவின் ரத்தத்தில் துளி எடுத்துப் பிரபாவுக்கு ஏற்றி, ஆறாவது கருவை வைத்தார்கள். ஒட்டிக்கொண்டது. நாச்சம்மாள் வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு மருமகள்கள் மசக்கையாக இருந்தார்கள். ஒருத்திக்குப் புளிப்பு கேட்டது, இன்னொருத்திக்குச் சாம்பல் வாசம் கேட்டது. "ஒரு வீட்டுல ரெண்டு வாந்தி எடுத்தா வாளிதான் பத்தாது," என்று பூபதி சொல்லி அம்மாவிடம் திட்டு வாங்கினான். பிரபாவின் கணவன் தனபதி அதிகம் பேசாதவன். அவன்கூட அந்த நாட்களில் பண்ணையிலிருந்து வரும்போது பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தான்.

ஸ்கேன் எடுக்கும்போதெல்லாம் டாக்டர் மிருணாளினி லீலாவின் படத்தை மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள்.

"குழந்தை சின்னதா இருக்கே."

"எங்க வீட்டுப் புள்ளைக எல்லாம் வயித்துல சின்னதாத்தான் இருக்கும்," என்றாள் நாச்சம்மாள். "வெளிய வந்துதான் ஊறும்."

நாச்சம்மாளுக்குக் கோழிகளோடு நாற்பது வருஷப் பழக்கம். நாட்டுக்கோழியைக் கையில் எடுத்து அடிவயிற்றைத் தடவினால், நாளைக்கு முட்டை போடுமா, மறுநாளா என்று சொல்லிவிடுவாள். சொல்லும்போது ஒரு சிரிப்பு வரும், உதட்டின் ஒரு ஓரத்தில் மட்டும். லீலாவுக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்தால் ஏனோ முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்ளத் தோன்றும்.

கணக்குப்படி மார்கழியில் லீலாவுக்கு ஏழாம் மாதம். மார்கழியில் விசேஷம் வைக்கமாட்டார்கள். அதனால் கர்ப்பிணிக்குத் தாய்வீட்டார் வைக்கிற கட்டுச்சோறு விருந்தை ஒன்பதாம் மாதம், மாசியில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள். சரசாள் சம்பந்தி வீட்டாருக்குப் பலவகைச் சோறு கட்டிக்கொண்டுவர இப்போதே தூக்குப் பாத்திரங்களைத் தேய்த்து வைக்க ஆரம்பித்தாள்.

தையில், பொங்கல் கழிந்த வாரத்தில், பிரபாவுக்கு இடுப்பு வலி கண்டது. ஆறு மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

டாக்டர் அறையில் நாற்காலிகள் போதாமல் நாச்சம்மாளும் சரசாளும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பிரபா சக்கர நாற்காலியில் இருந்தாள். உதடு வெளுத்திருந்தது. ஆண்கள் வெளியே நின்றார்கள்.

"கர்ப்பப்பை வாய் திறக்க ஆரம்பிச்சிருச்சு," என்றாள் டாக்டர். "இப்ப வெளிய வந்தா ஒண்ணும் பண்ண முடியாது. நாள் ஊசி போட்டா நிறுத்தலாம். ஒரே தடவையில ஆகாது. ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்து, சேர்த்தும் வச்சுக்கணும். சித்திரை வரைக்கும் இழுக்கணுமே." பிறகு லீலாவின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு எட்டு பொறந்துருச்சா? எட்டு இல்லைன்னா நான் எடுக்கமாட்டேன்."

லீலா வாயைத் திறந்தாள். ஆடி, ஆவணி, புரட்டாசி என்று மனசுக்குள் ஓட்டினாள். தை ஏழு. ஏழு என்று சொன்னால் எப்படி ஏழு என்று கேட்பார்கள். எப்படி ஏழு என்றால், ஆடியில் அம்மா வீட்டில். அம்மா அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள், நாச்சம்மாளின் தோள் அவள் தோளில் இடித்துக்கொண்டிருக்கிறது.

"எட்டு நடக்குதுங்க டாக்டர்," என்றாள் பிரபா.

லீலா அக்காவைப் பார்த்தாள். பிரபா டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படிங்களாம்மா?" என்று கேட்டாள் டாக்டர்.

எல்லோரும் லீலாவின் தலையையே பார்த்தார்கள். அந்தத் தலை கீழும் மேலும் அசைந்தது.

வீட்டுக்கு வந்ததும் பூபதியிடம் அழுதாள். "உங்களுக்குத் தெரியுமில்லீங்க. ஏழுதானே? நீங்க போய்ச் சொல்லுங்க. நான் சொன்னா அம்மாளைப் பேசுவாங்க. நீங்க சொன்னா உங்களை ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

பூபதி கைவிரல்களைச் சொடுக்கினான். "அண்ணனுக்கு ஒன்பது வருசம், லீலா," என்றான். "ஒரு மாசம்தானே வித்தியாசம். டாக்டர் பாத்துக்குவாங்க."

ஒரு கையிலிருந்து ரத்தம் மிஷினுக்குப் போயிற்று. இன்னொரு கை வழியாகத் திரும்பி வந்தது. "ரத்தம் உங்களுக்கே வந்துரும், பயப்படாதீங்க," என்றாள் நர்ஸ். மிஷினின் பக்கவாட்டில் தொங்கிய பையில் மட்டும் நல்லெண்ணெய் நிறத்தில் ஏதோ இறங்கிச் சேர்ந்தது. பக்கத்துக் கட்டிலில் பிரபா படுத்திருந்தாள். அந்தப் பை நிரம்பியதும் அவளுடைய கம்பியில் மாட்டினார்கள். இரண்டாம் நாளே பிரபாவின் வலி நின்றுவிட்டது. முகத்தில் ரத்தம் ஓடியது. ஆரஞ்சு கேட்டுச் சாப்பிட்டாள்.

மூன்றாவது தடவை ஊசி குத்தும்போது லீலாவின் வயிறு கல்லாக இறுகியது. இறுகி, விட்டு, மறுபடி இறுகியது. சொன்னாள். டாக்டர் வந்து கையை வைத்துப் பார்த்தாள்.

"சும்மா இறுக்கம்தான். எட்டுல வரும்."

டாக்டர் போன பிறகு லீலா பக்கத்துக் கட்டிலுக்குக் கையை நீட்டினாள். "அக்கா. வேண்டாங்க்கா. எட்டு இல்லைன்னு உனக்குத் தெரியுமில்ல?"

பிரபா அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். பிடி சூடாக இருந்தது. "இன்னொண்ணு மட்டும் கண்ணு. அதோட போதும்னு சொல்லிட்டாங்க."

"அக்கா, நீதானே ஆனின்னு சொல்லச் சொன்னே…"

"டாக்டர் ஸ்கேன் பாத்துத்தானே எடுக்கறாங்க," என்றாள் பிரபா. விரல்களை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சுவரைப் பார்த்து.

இன்னொன்றும் எடுத்தார்கள். அதற்கு மறுநாள் காலையில் லீலாவுக்குப் பனிக்குடம் உடைந்தது. வலி அரை மணி நேரம்கூட இல்லை. பொறு என்று சொல்வதற்கு அவளுடைய உடம்பில் எதுவும் மிச்சமில்லை. பெண் குழந்தை. ஒரு கையளவு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கில் குழாய் செருகினார்கள். பெட்டியின் மேல் ஒட்டிய தாளில் 'லீலா குழந்தை' என்று மட்டும் இருந்தது. பெட்டியின் ஓட்டை வழியாக லீலா விரலை நீட்டியபோது அது பிடித்தது. நகம்கூட முழுதாக வளரவில்லை, ஆனாலும் பிடித்தது. மூச்சு விடுகிற ஒவ்வொரு முறையும் நெஞ்சுக்குழி உள்ளே போய் முதுகைத் தொட்டுத் திரும்பியது.

"நுரையீரல் எட்டு மாசக் குழந்தைக்கு இருக்கற மாதிரி இல்லையே," என்றாள் டாக்டர். ஆச்சரியப்படுகிற குரல்தான். முகத்தில் ஆச்சரியம் இல்லை.

மூன்றாம் நாள் அது விரலை விட்டுவிட்டது.

அண்ணனும் தம்பியும் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துப்போய், தீவனக் கொட்டகைக்குப் பின்னால் தென்னந்தோப்பில் புதைத்தார்கள். லீலாவைக் கூட்டிப்போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் நாச்சம்மாள் அவள் தலையைத் தடவினாள். "அழுகாத சின்னவளே. உனக்கு வயசிருக்கு. இன்னும் பத்துப் பெறலாம்."

பால் கட்டிக்கொண்டது. சரசாள் உதிரி மல்லிகை வாங்கிவந்து துணியில் பரப்பி, மகளுடைய மாரில் வைத்து இறுக்கிக் கட்டினாள். மல்லிகை கட்டினால் பால் வற்றிவிடும். பூ காலையில் வெள்ளையாக இருக்கும், சாயங்காலம் பழுப்பாகப் பிசுபிசுத்துக் கிடக்கும். அம்மா அவிழ்த்துப் போட்டுவிட்டுப் புதிதாக வைப்பாள். பால் வற்றியது. அதற்குப் பிறகு லீலா தலையில் மல்லிகை வைக்கவில்லை.

சேர்த்து வைத்த பைகள் ஆஸ்பத்திரி உறைபெட்டியில் இருந்தன. மாசி, பங்குனி முழுக்க ஒவ்வொன்றாகப் பிரபாவுக்கு ஏறின. சித்திரைக் கடைசியில் டாக்டர் நாள் குறித்து, ஆபரேசன் செய்து பையனை எடுத்தாள். கொழுகொழுவென்று இருந்தான்.

பேர் வைக்கிற அன்று ஊர் முழுக்கப் பந்தலில் இருந்தது. பக்கத்துத் தோட்டத்து அம்மாள் ஒருத்தி, வெற்றிலையை மடித்துக்கொண்டே நாச்சம்மாளைச் சீண்டினாள். "ஏனுங்க நாச்சம்மா, பேரன் சித்திரையில வந்துட்டானே? உங்க வீட்டுல அது ஆகாதே?"

நாச்சம்மாள் அசரவில்லை. "கத்தி வச்சு எடுத்த புள்ளைக்கு மாசம் ஏது? தானாப் பொறந்தாத்தான் சித்திரை. இது டாக்டரம்மா மாசம்."

பந்தல் சிரித்தது. சிரித்துக்கொண்டே நாச்சம்மாள் பூக்கூடையிலிருந்து ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி லீலாவிடம் நீட்டினாள். "வச்சுக்க சின்னவளே. விசேச வீட்டுல மொட்டைத் தலையா நிக்காத." லீலா வாங்கி, பிரபாவின் கூந்தலில் செருகினாள்.

பையன் வளர்ந்தான். தவழ்ந்தான், நடந்தான். பிரபாவைவிட லீலாவிடம் ஒட்டிக்கொண்டான். கூப்பிட்ட குரலுக்குச் சித்தி சித்தி என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வான். அவன் பிடிக்கிற ஒவ்வொரு முறையும் லீலாவுக்கு விரல் நுனியில் ஒரு சில்லிப்பு வரும். அவனை வெறுக்க முயற்சி செய்து பார்த்தாள். முடியவில்லை. இவனை நிறுத்திவைத்த நாட்கள் எல்லாம் என் வயிற்றில் ஊறியவை, இவன் பாதி என் மகள்தான் என்று ஒருநாள் தோன்றியது. அன்றிலிருந்து அவனைத் தூக்குவது சுலபமாயிற்று. தூங்க வைப்பதுதான் முடியாமல் போயிற்று. அவன் மூச்சுவிடும்போது நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அடுத்த ஆண்டு ஆனி முடியப் போகிற நேரம். பிரபாவுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு கரு மிச்சம் இருந்தது. ஒரு பையனோடு நிறுத்தினால் எப்படி என்று தனபதிக்கு ஆசை. டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தாள்: பிரபாவின் உடம்பு அந்த ரத்தத்துக்குப் பழகிவிட்டது. இனி வேறு எதுவும் எடுபடாது. தங்கை மறுபடி உண்டானால்தான் கருவை வைக்க முடியும்.

இது பேச்சாக அடிபடுவதற்குச் சில நாள் முன்பே லீலாவுக்கு நாள் தள்ளியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பூபதியிடம்கூட. இந்த முறை தீவன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேச அக்கா இல்லை. அவளிடம் இருந்தது ஒரே ஒரு யோசனை. ஆடி பிறக்கட்டும். வழக்கப்படி அம்மா வந்து அழைத்துப்போவாள். போனவள் திரும்பக் கூடாது. பழைய பள்ளிக்கூடத்துத் தோழி ஒருத்தி கோயம்புத்தூரில் இருந்தாள். வா, பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தாள். வயிறு தெரிவதற்குள் போய்விட்டால் போதும். லீலா ஒரு பையில் நான்கு சேலைகளை மடித்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். எந்த வழக்கம் அவளை வாயடைக்க வைத்ததோ அந்த வழக்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் தப்ப வேண்டியிருந்தது.

சரசாள் வந்தாள். பழம், இனிப்பு, புதுச்சேலை எல்லாம் தட்டில் இருந்தன. கூடத்தில் வைத்தாள். லீலா பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அதை உள்ள வை," என்றாள் நாச்சம்மாள்.

"ஆடி பொறக்குதுங்க அத்தை. அம்மா அழைக்க வந்திருக்காங்க."

"உங்கம்மா சீரு வைக்க வந்திருக்கா, அழைக்க வரலை. நாங்க பேசிட்டோம். இந்த ஆடிக்கு நீ எங்கயும் போக வேண்டியதில்லை. பூபதியோட இங்கயே இரு. உன்னால பெரியவ காரியம் தள்ளிப்போயிட்டே இருக்குது."

லீலா அம்மாவைப் பார்த்தாள். சரசாள் தட்டில் இருந்த வாழைப்பழத்தை நேராக வைத்தாள். நேராகத்தான் இருந்தது.

"ஆடியில தரிச்சா சித்திரையில பொறக்குமேங்க அத்தை."

"பொறந்தாப் பொறக்கட்டும். இந்தக் காலத்துல யாரு சித்திரை பாக்கறா?"

லீலா பையைக் கீழே வைத்தாள். "அப்படின்னா என்ற புள்ளை?" என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை. "எனக்கு அன்னைக்கு எட்டு இல்லீங்க அத்தை. ஏழு. ஆடியிலதான் தரிச்சது. ஆடியில இவிய எங்கம்மா வீட்டுக்கு வந்தாங்க. நீங்க என்ன சொல்லுவீங்களோன்னு பயந்துட்டு, டாக்டர் முன்னால வாயை மூடிட்டு உக்காந்திருந்தேன். ஒரு வார்த்தை ஏழுன்னு சொல்லியிருந்தா எடுத்திருக்க மாட்டாங்க. நான் சொல்லலை."

பையன் சீர்த்தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான்.

"தெரியும்," என்றாள் நாச்சம்மாள்.

லீலாவுக்குப் புரியவில்லை.

"நாலு பெத்து ரெண்டை மண்ணுக்குக் குடுத்தவ நான். எனக்கா மாசம் தெரியாது? நீ நடந்து வர்றதைப் பாத்தே தெரியும். டாக்டர் தனியாக் கூப்பிட்டு, படத்துல ஏழுதான் காட்டுது, என்ன பண்ணலாம்னு கேட்டா. குடும்பத்துல கேட்டுத்தானே எதையும் செய்வாங்க. பொறந்தா அது ஆடியில தரிச்ச சித்திரைப் புள்ளை. பெரியவ வயித்துல இருந்தது ஒன்பது வருசத்துப் புள்ளை. ரெண்டுல ஒண்ணுதான்னு ஆயிப்போச்சு."

"அம்மா," என்றாள் லீலா.

சரசாள் தலை நிமிரவில்லை. "ரெண்டும் என்ற வயித்துல பொறந்ததுதானே கண்ணு. அவளுக்கு அதை விட்டா வேற இல்லை. உனக்கு வயசிருக்குது."

சமையலறை நிலையில் பிரபா நின்றுகொண்டிருந்தாள். பூபதி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, போகவும் இல்லாமல் வரவும் இல்லாமல் நின்றான். லீலா ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஒன்றரை வருஷமாக ராத்திரியும் பகலும் அவள் தன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லாமல் போனேனே என்று. சொல்லியிருந்தாலும் அந்த அறையில் யாருக்கும் அது புதிய செய்தி இல்லை. அவள் காப்பாற்றிய ரகசியத்தை எல்லோரும் கூட்டாக அவளுக்காகக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

"செரி, அது முடிஞ்ச கதை," என்றாள் நாச்சம்மாள். குரல் தணிந்திருந்தது, பிரியமாகக்கூட இருந்தது. "இப்ப சொல்லு. நாள் ஏதும் தள்ளியிருக்குதா?"

லீலா நிமிர்ந்தாள். இந்த வீட்டில் அவள் சொன்ன முதல் பொய் அக்கா சொல்லிக்கொடுத்தது. இது அவளுடையது.

"இல்லீங்க அத்தை. முந்தாநேத்துத்தான் தலைக்குக் குளிச்சேன்."

குரல் நடுங்கவில்லை. கண் தாழவில்லை. அவளுக்கே நம்பும்படியாக இருந்தது.

நாச்சம்மாள் அவளுடைய முகத்தைப் பார்க்கவே இல்லை. பார்வை வயிற்றுக்கு இறங்கி அங்கேயே நின்றது. பிறகு உதட்டின் ஒரு ஓரத்தில் அந்தச் சிரிப்பு வந்தது.

"பிரபா," என்றாள், லீலாவிடமிருந்து கண்ணை எடுக்காமலே. "டாக்டருக்குப் போனைப் போடு."

அப்போதுதான் லீலா தன் வலது கை எங்கே இருக்கிறது என்று பார்த்தாள்.